கோபத்துக்குப் பதினைந்து நாள் லீவு

4-6-2001, திங்கள்

அடிவாரத்தில் வெயில், மேலே சாரல், நடுவில் பேய்க்காற்று. டிப்போவில் வருடாந்திர உடல் பரிசோதனை. கண் சரி. சர்க்கரை இல்லை. பிரஷர் 170/110.

இருக்காது, இன்னொரு தடவை பாருங்கள் என்றேன். டாக்டரம்மா கையில் பட்டையைச் சுற்றி மறுபடி பொசுக் பொசுக்கென்று அமுக்கினார். அமுக்கும்போதே எனக்குக் கோபம். 174.

பிறகு மேனேஜர் அறை. நிற்க வைத்தே பேசினார். "ரங்கசாமி, இந்தப் பிரஷரோட உங்களை மலை ரூட்ல விடக் கூடாதுங்க. இப்போதைக்கு வேற ஆள் இல்லை. பதினஞ்சு நாள் டைம். எறங்கலைன்னா டவுன் பஸ்."

டவுன் பஸ் என்றால் சேந்தமங்கலம் – நாமக்கல். கூப்பிடு தூரத்துக்கு ஒரு ஸ்டாப்பிங். பதினான்கு வருடமாகக் கொல்லிமலை ஏறி இறங்குகிறேன். எழுபது கொண்டை ஊசி வளைவு. எந்த வளைவில் எந்தக் கல் பெயர்ந்திருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அந்த ரூட் போய்விட்டால் நான் வெறும் காக்கிச்சட்டை. இதை வெளியே சொல்ல வெட்கம். இங்கே எழுதலாம்.

டாக்டரம்மா சொன்னவை:
– உப்பு பாதி.
– காபி ஒன்றே ஒன்று.
– காலையில் மாத்திரை ஒன்று.
– கோபம் வந்தால் வாயைத் திறக்குமுன் பத்து வரை எண்ண வேண்டும்.
– எதற்கெல்லாம் கோபம் வந்தது என்று தினமும் நோட்டில் எழுத வேண்டும்.

"டென்ஷன் வந்தப்புறம் வைத்தியம் பாக்கறதை விட வராமப் பாத்துக்கறது சுலபம்" என்றார். அவர் மலை பஸ்ஸில் வந்ததில்லை.

நோட்டு வாங்கவில்லை. உரக்கடையில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து காலியாகக் கிடந்தது. பக்கத்துக்குப் பக்கம் அடியில் யூரியா அளவு போட்டிருக்கிறது.

விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். வீட்டில் சரஸ்வதி, வண்டியில் கண்டக்டர் காதர் பாய் (இனி கா.பா.). யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று கா.பா.விடம் சொன்னேன். "நான் ஏனுங்கண்ணா சொல்றேன்" என்றார். பன்னிரண்டு வருடமாக என்னோடுதான் வண்டியில். கூரை ஒழுகினாலும் சிரிக்கிற முகம். அவர் அண்ணன் தம்பி எல்லாரும் சேந்தமங்கலத்தில் கடை வைத்திருக்கிறார்கள். இவர் மட்டும் என்னிடம் மாட்டிக்கொண்டார்.

5-6, செவ்வாய்

காற்று குறையவில்லை. முதல் டிரிப் 5.40.

இன்று கோபம் வந்த விவரம்:
– 12ஆம் வளைவு. காரை நடுரோட்டில் நிறுத்திக் குரங்குக்கு பிஸ்கட். குரங்கு ஒதுங்கியது. கார்க்காரன் ஒதுங்கவில்லை.
– 31. கடைசி சீட்டுக் கல்லூரிப் பையன்கள்: "டிரைவர், பாட்டுப் போடுங்க."
– 48. எதிரே மர லாரி. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. இது தெரியாதவனுக்கு எந்த ஊரில் லைசென்ஸ் கொடுக்கிறார்கள்?
– சோளக்காட்டுப் பொன்னம்மா பலாப்பழத்தை என் பக்கத்து இன்ஜின் பெட்டி மேல் வைத்தது. எடு என்றால், "சூட்டுல சீக்கிரம் பழுத்துருமுங்க, எனக்கொரு வேலை மிச்சம்" என்கிறாள். மூக்குக்குக் கீழே பலாப்பழத்தை வைத்துக்கொண்டு எழுபது வளைவு.
– மேலே செம்மேடு ஸ்டாண்டு. இறங்குகிறவர்கள் இறங்குமுன் ஏறுகிறவர்கள்.
– "இப்பிடியே ஓரமா நிறுத்துங்க சாமி." இப்படி ஒன்பது இடம். ஸ்டாப்பிங் இருப்பது நாலு.

மொத்தம் பதினான்கு.

கா.பா.வைத் திட்டியது மூன்று தடவை. "ஏன் பாய், விசில் ஊதறீங்களா, டீ ஆத்தறீங்களா?" என்றேன். அதைக் கணக்கில் எழுதவில்லை. அவரைத் திட்டுவது கோபத்தில் சேராது. பழக்கம்.

6-6, புதன்

காலை: உப்பில்லாத உப்புமா. பெயரை மாற்ற வேண்டும் என்றேன். ஊறுகாய் ஜாடி இருந்த இடத்தில் காலண்டர்.

பத்து வரை எண்ணுவதில் நடைமுறைச் சிக்கல். 14இல் கோபம் வந்தது. எண்ண ஆரம்பித்தேன். ஆறு வருவதற்குள் 15 வந்துவிட்டது. ஸ்டியரிங்கை ஒடிப்பதா, ஏழு சொல்வதா? 15ஐத் தாண்டி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கினால் நாலில் 16. கொல்லிமலையில் பத்து வரை எண்ண இடமே இல்லை.

ஆகையால் பாக்கி வைத்துக்கொண்டே போனேன். சோளக்காட்டில் சேர்ந்த பாக்கி பதினேழு பத்து. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடி நூற்றெழுபது வரை எண்ணினேன். டீக்காரர் கா.பா.விடம் ரகசியமாக, "டிரைவரு சாமி கும்பிடறாருங்களா?"

நூற்று முப்பதில் கா.பா. வந்து, "அண்ணா, டைம் ஆச்சுங்க." எண்ணிக்கை விட்டுப்போனது. அவரைத் திட்டினேன்.

7-6, வியாழன்

சாரல். துடைப்பான் ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது, அதுவும் என் பக்கம் இல்லை. மெக்கானிக்கிடம் சொல்லி இருபது நாள். கா.பா.விடம் சத்தம் போட்டேன்.

இறங்கும்போது கா.பா.: "அண்ணா, நீங்க ரோட்டை மட்டும் பாருங்க. மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேன்." என்ன மற்றதெல்லாம் என்று கேட்கவில்லை. இன்று கோபம் பதினொன்று. முன்னேற்றம்.

8-6, வெள்ளி

ஏதோ சரியில்லை.

செம்மேட்டில் வரிசையில் நின்று ஏறினார்கள். வரிசை! இறங்குகிறவர்கள் இறங்கும் வரை ஒதுங்கி நின்றார்கள். பொன்னம்மா பலாப்பழத்தை மடியில் வைத்துக்கொண்டாள். கல்லூரிப் பையன்கள் ஜன்னல் வழியே பள்ளத்தைப் பார்த்தபடி வந்தார்கள். "ஓரமா நிறுத்துங்க சாமி" ஒன்றுகூட இல்லை. தனக்கு இறங்க வேண்டிய இடம் கடந்து போவதை ஒரு பெரியவர் வாயை மூடிக்கொண்டு பார்த்துக்கொண்டே வந்தார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. ஸ்டாப்பிங்கில் இறங்கி ஒரு மைல் திரும்பி நடந்திருப்பார்.

கோபம்: இல்லை. எழுத ஒன்றும் இல்லாமல் டைரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யூரியா அளவை இரண்டு தடவை படித்தேன்.

9-6, சனி

பேளுக்குறிச்சிச் சந்தைக்குப் போகிற கூட்டம். மிளகு மூட்டை, காபிக்கொட்டை, கோழி, ஒரு ஆடு. வழக்கமாக இன்று வண்டிக்குள் பேசுகிற சத்தத்தில் ஹாரன் எனக்கே கேட்காது. இன்று டயர் சத்தம் கேட்டது. பதினான்கு வருடத்தில் முதல் தடவையாக என் வண்டியின் பின்பக்கச் சட்டம் கிரீச்சிடுவது கேட்டது.

ஆடு கத்தவில்லை. 40இல் கண்ணாடியைத் திருப்பிப் பார்த்தேன். ஆட்டுக்காரர் அதன் வாயைத் துண்டால் பொத்திப் பிடித்திருந்தார். ஆடு என்னைப் பார்த்தது. நான் ஆட்டைப் பார்த்தேன்.

கா.பா. விசில் ஊதுவதே இல்லை. பின்னாலிருந்து நடந்து வந்து, "போலாமுங்க" என்று காதோரம் சொல்கிறார். ஊது பாய் என்று கத்தினேன். சிரித்தார். அவர் மேல் தைல வாசனை.

10-6, ஞாயிறு. வார விடுமுறை

வீடு. வெயில். சரஸ்வதியிடம் சொன்னேன்: பஸ்ஸில் வருகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து என் மேல் டிப்போவுக்கு மனு எழுதுகிறார்கள். அதனால்தான் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. உள்ளுக்குள் குற்ற உணர்ச்சி.

அவள் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். "உங்க வாய்க்குப் பதினாலு வருசமா எழுதாம இருந்தாங்களே, அது பெரிசுங்க."

"நான் அப்படி என்ன பேசிட்டேன்?"

"போன மாசம் வாந்தி எடுத்த பொம்பளைகிட்ட, எடுக்கறதுக்கு முன்னால அப்ளிகேஷன் போட்டியான்னு கேட்டீங்களாமே."

அது வேடிக்கைக்குச் சொன்னது. அந்த அம்மாவே சிரித்தாள் என்றுதான் நினைவு. வாயைத் துடைத்துக்கொண்டிருந்ததால் சரியாகத் தெரியவில்லை.

11-6, திங்கள்

ஆதாரம் கிடைத்துவிட்டது. சோளக்காட்டில் டயரைப் பார்க்கக் குனிந்திருந்தேன். ஜன்னலோரம் இரண்டு பேர் பேச்சு. அப்படியே எழுதுகிறேன்:

"இன்னும் ஒரு வாரந்தான். வர்ற திங்கக்கெழம தெரிஞ்சு போயிரும்."

"அதுவரைக்கும் வாயத் தொறக்கக் கூடாதுன்னு கண்டக்டரு கறாராச் சொல்லிட்டாருங்க."

கண்டக்டரா! எழுந்த வேகத்தில் தலை வண்டியில் இடித்தது. நெற்றி வீங்கியிருக்கிறது. கா.பா.வே கூட்டு. வர்ற திங்கள்தான் எனக்கு இரண்டாவது பரிசோதனை. அன்றைக்கே மனுவையும் கொடுத்து ஒரேயடியாக முடித்துவிடலாம் என்ற திட்டம். பன்னிரண்டு வருடம் ஒரே சட்டியில் சோறு தின்ற மாதிரி இருந்தோமே!

பிரஷர் இன்று இருநூறைத் தொட்டிருக்கும். நல்ல வேளை, பட்டை இல்லை.

12-6, செவ்வாய்

முடிவு: அவர்கள் மனுவில் எழுத ஒன்றும் இல்லாமல் செய்வது. நானும் மரியாதை காட்டினேன்.

மூட்டையோடு ஏறியவரிடம், "மெதுவா ஏறுங்க, அவசரமில்லீங்க." அவர் ஏறிய காலை எடுத்துக் கீழே வைத்துவிட்டார். "ஏனுங்க, நான் அடுத்த பஸ்ஸுக்கு வாரேனுங்க" என்று முகம் வெளுத்துப் போய்ச் சொன்னார்.

பொன்னம்மாவிடம், "பழத்தை இப்பிடி இன்ஜின் பெட்டி மேல வைம்மா, கால் வலிக்கும்." அவள், "வேண்டாமுங்க, லேசாத்தானுங்க இருக்கு." பதினைந்து கிலோ இருக்கும். நான் வை என்க, அவள் வேண்டாம் என்க, ஐந்து நிமிடம் வண்டி கிளம்பவில்லை. ஒருவரும் ஏனென்று கேட்கவில்லை.

மரியாதையாக இருப்பதில் முதுகு வலிக்கிறது. கழுத்து பிடித்துக்கொண்டது. கா.பா.வைத் திட்டவும் இல்லை, பேசவும் இல்லை. அவர்தான் நாலு தடவை வந்து, "அண்ணா, உடம்புக்கு எப்பிடி இருக்குது?" துரோகி.

13-6, புதன்

எல்லாம் தெரிந்துவிட்டது. ஒழுங்காக எழுத வேண்டும்.

இரண்டாம் டிரிப், மூடுபனி. 40ஐத் தாண்டி அகலமான இடத்தில் வண்டியை ஓரம் கட்டினேன். கை பிரேக் போட்டேன். சீட்டில் இருந்தபடியே திரும்பி, "மனு யார் கையில இருக்குது? கையெழுத்துப் போட்டவங்க கையத் தூக்குங்க" என்றேன்.

யாரும் அசையவில்லை. பயத்தில் ஆட்டுக்காரர் பிடி தளர்ந்து, அவர் ஆடு மட்டும் கத்தியது. சனிக்கிழமைச் சந்தையில் விலை போகாமல் திரும்பிய அதே ஆடு.

பொன்னம்மாதான் வாயைத் திறந்தாள். "என்ன மனுங்க?"

சொன்னேன். வரிசை, அமைதி, திங்கட்கிழமை, எல்லாம். அவள் கேட்டுவிட்டு மடியிலிருந்த பலாப்பழத்தைக் கீழே வைத்தாள்.

"ஐயோ சாமி. மனுவும் இல்ல, மண்ணும் இல்லீங்க. உங்களுக்குப் பிரசரு, கோவம் வந்தா டவுன் பஸ்ஸுக்குத் தூக்கிருவாங்கன்னு கண்டக்டரு சொன்னாருங்க. பதினஞ்சு நாளைக்கு யாரும் டிரைவர்கிட்ட வாயக் குடுக்காதீங்க, என்ன வேணுமுன்னாலும் எங்கிட்டச் சொல்லுங்கன்னு ஊரூரா எறங்கிச் சொல்லிட்டுப் போனாருங்க."

என்மேல் இவ்வளவு பிரியமா என்று கேட்டே விட்டேன்.

"பிரியமுன்னு இல்லீங்க" என்றாள். உள்ளதைச் சொல்கிற பொம்பளை. "தை மாசம் நீங்க லீவுல போனப்ப ஒரு டிரைவரு வந்தாருல்லங்க, சிரிச்ச மொகமாத்தான் இருந்தாரு. ஆனா வளைவுல ஒடிச்ச ஒடிப்புல எங்கூட்டுச் சேவலே வாந்தி எடுத்துருச்சு. நீங்க வாயில வர்றதெல்லாம் பேசுவீங்க. ஆனா வயித்தக் கலக்க மாட்டீங்க. கோவம் இருக்கற எடத்துலதானுங்க கொணம் இருக்கும்."

வண்டியில் எல்லாரும், "ஆமாங்க, ஆமாங்க."

பதினான்கு வருடத்தில் டிப்போவில் ஒருவன் இப்படிச் சொன்னதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் முகத்தையும் துடைத்துக்கொண்டேன். மனதார எழுதுகிறேன்: சந்தோஷமாக இருந்தது.

கடைசியில் கா.பா.வைப் பார்த்தேன். மற்றவர்களின் பலாப்பழம் மூன்று, யாருடையதோ கோழிக்கூடை, தோளில் டிக்கெட் பை. படிக்கட்டில் சாய்ந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் குளிரில் சட்டை நனைந்த வியர்வை.

செம்மேட்டில் இறங்கியதும், யாரிடமும் சொல்லாதே என்றால் மலை முழுக்கச் சொல்லியிருக்கிறீரே என்று அரை மணி நேரம் வாங்கு வாங்கென்று வாங்கினேன். "சரிங்கண்ணா, சரிங்கண்ணா" என்றார். இது கோபமில்லை. பாசம்.

14-6, வியாழன்

ரகசியம் உடைந்ததும் வைத்தியம் ஆரம்பம். இன்று இன்ஜின் பெட்டி மேல் வந்து சேர்ந்தவை:
– நெல்லிக்காய் ஒரு படி.
– பூண்டு, உரித்தது. உரிக்காதது.
– செம்பருத்திப் பூ.
– முடவாட்டுக்கால் கிழங்கு சூப், தூக்குப்போசியில், சூடாக.

அது மூட்டு வலிக்குத்தானே என்றேன். கொண்டுவந்தவர், "காலுக்குத்தானுங்க. ஏனுங்க, ரத்தம் கால்லயும்தானுங்களே ஓடுது?" குடித்தேன். மிளகு தூக்கல். உப்பும் இருந்தது. பத்து நாளுக்குப் பிறகு உப்பு. இன்னொரு டம்ளர் குடித்தேன்.

சரஸ்வதிக்குத் தெரியக் கூடாது.

16-6, சனி

மழை. எனக்கும் உண்மை தெரிந்ததில் ஒரு வசதி. வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார்கள். "டிரைவருங்க, கோவிச்சுக்காதீங்க, அந்த ஆலமரத்துகிட்ட எறங்கோணும். கோவம் வந்தா ஸ்டாப்பிங்லயே எறங்கிக்கறேனுங்க." இப்படிக் கேட்டால் யாருக்குக் கோபம் வரும்? நிறுத்தினேன். ஐந்து இடத்தில் நிறுத்தினேன்.

12இல் மறுபடி ஒரு கார், குரங்கு, பிஸ்கட். நான் ஹாரனில் கை வைப்பதற்குள் கா.பா. மழையில் குதித்து ஓடினார். கார்க்காரனிடம் கையைக் கட்டிக்கொண்டு என்னவோ சொன்னார். அவன் இவரைத் திட்டியது கண்ணாடி வழியே தெரிந்தது. சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார். "போலாமுங்க."

கோபம்: ஒன்று. அதுவும் சின்னது. (கா.பா. சில்லறையைக் கீழே கொட்டினார். திட்டினேன். அதைச் சேர்த்தால் இரண்டு. சேர்க்கவில்லை.)

17-6, ஞாயிறு

நாளைக்குப் பரிசோதனை. நாள் முழுக்க எதுவும் ஓடவில்லை. கொடியில் காயும் காக்கிச்சட்டையை நாலு தடவை போய்த் தொட்டுப் பார்த்தேன். சரஸ்வதி பார்த்துவிட்டாள். மத்தியானம் ரசத்தில் உப்பு இருந்தது. கைதவறி என்றாள். இருபது வருடமாக அவளுக்குக் கை தவறியதில்லை.

18-6, திங்கள்

வெயில். காலை டிரிப் முடித்து நேராக டாக்டரம்மாவிடம். கா.பா. துணைக்கு வந்தார். வரும்போது செம்மேட்டிலிருந்து அடிவாரம் வரை ஒருவரும் மூச்சு விடவில்லை. இறங்கும்போது ஒவ்வொருவராக, "நல்லதே நடக்குமுங்க." தேர்வெழுதப் போகிற பிள்ளை மாதிரி தலையாட்டினேன்.

134/86.

டாக்டரம்மா இரண்டாம் தடவையும் பார்த்தார். 132. "மாத்திரை நல்லா வேலை செய்யுது. டென்ஷனையும் குறைச்சிருக்கீங்க. இப்படியே இருங்க. மலை ஓட்டலாம்னு எழுதித் தர்றேன்."

எழுபது வளைவும் திரும்ப என் கைக்கு வந்தது. சந்தோஷத்தில் கா.பா. முதுகில் ஒரு அறை அறைந்தேன். "பாய், நீங்களும் கையை நீட்டுங்க. ஓசிதானே!" நான்தான் சொன்னேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

கா.பா. சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்தார். டாக்டரம்மா அமுக்கினார். காற்றை விட்டார். மறுபடி அமுக்கினார். மற்றக் கையை நீட்டச் சொன்னார்.

178/116.

"மிஷின் ரிப்பேருங்களா?" என்றார் கா.பா.

"தலை வலிக்குமா?"

"வலிக்குமுங்க. பஸ்ஸுன்னா வலிக்கத்தானுங்களே செய்யும்."

"எத்தனை நாளா?"

"நாளுங்களா... நாலஞ்சு வருசமா இருக்குமுங்க. தைலம் போட்டா நின்னுரும்."

"வேலை பாக்கற எடத்துல டென்ஷனா? யாராச்சும் சத்தம் போடறாங்களா?"

சுவரில் ஒரு குழந்தை படம். கா.பா. அதையே பார்த்தார். "அப்பிடி யாரும் இல்லீங்களே."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நானும் குழந்தை படத்தைப் பார்த்தேன்.

கா.பா.வுக்குப் பதினைந்து நாள் லீவு. மாத்திரை. முழு ஓய்வு. அவர் வீட்டம்மாவைத் தனியாக வரச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. வெளியே வந்ததும் கா.பா. என்னைச் சமாதானம் செய்தார். "ஒண்ணுமில்லீங்கண்ணா, நீங்க இதுக்கெல்லாம் டென்ஷன் ஆகாதீங்க. மறுபடி ஏறிக்கப் போவுது."

19-6, செவ்வாய்

காற்று. பதில் கண்டக்டர், நாமக்கல்லில் இருந்து. சின்ன வயசு. விசிலை உயிர் போகிற மாதிரி ஊதுகிறார். குறை சொல்ல முடியாது.

ஆனால் 12இல் கார் நின்றபோது யாரும் இறங்கி ஓடவில்லை. தூசி படிந்த பின்பக்கக் கண்ணாடியை யாரும் துடைக்கவில்லை. வாந்தி வருகிற முகம் பார்த்து யாரும் முன்கூட்டியே எலுமிச்சம்பழம் நீட்டவில்லை. செம்மேட்டில் எனக்குச் சர்க்கரை குறைத்த டீ வாங்கி வைக்கவில்லை. நான் கார்க்காரனைப் பார்த்துக் கத்தியபோது, கத்தி முடித்ததும் அவனிடம் போய், "அவரு நல்ல மனுசனுங்க, பிரசரு" என்று சொல்ல ஆளில்லை. கார்க்காரன் என்னைத் திருப்பித் திட்டினான். இவ்வளவு நாளும் யாரும் என்னைத் திருப்பித் திட்டியதே இல்லையே என்று அப்போதுதான் தோன்றியது. அதையெல்லாம் வாங்கிக்கொண்டது யார்?

சாயங்காலம் டைரியைப் புரட்டினேன். இந்தப் பதினைந்து நாளில் கா.பா.வை எத்தனை தடவை திட்டினேன், எழுதாததையும் சேர்த்து. முப்பத்தெட்டில் எண்ணுவதை நிறுத்திவிட்டேன். பன்னிரண்டு வருடத்துக்குப் பெருக்கிப் பார்க்கத் தைரியமில்லை.

பாசமாம்.

21-6, வியாழன்

பொன்னம்மா: "எங்கீங்க பாயி?" சொன்னேன். வண்டி முழுக்கக் கேட்டது. யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் எனக்குப் பிரஷர் ஏறுமே.

"அவரு நல்லாச் சிரிப்பாருங்களே" என்று மட்டும் சொன்னாள்.

பதில் கண்டக்டர் 31இல் பையைத் தவறவிட்டுச் சில்லறையைக் கொட்டினார். வாய் வரைக்கும் வந்தது. ஓரம் கட்டி, பத்து வரை முழுசாக எண்ணிவிட்டு, இறங்கிப் போய் நானும் பொறுக்கினேன். தம்பி பயந்துவிட்டார். "ஏனுங்கண்ணா, ரிப்போர்ட் எழுதுவீங்களா?"

24-6, ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. கா.பா.வைப் பார்க்கப் போனேன். மலை வாழைப்பழம் ஒரு சீப்பு. பொன்னம்மா கொடுத்துவிட்ட நெல்லிக்காய். செம்மேட்டு டீக்காரர் கொடுத்த காபித்தூளை மட்டும் வீட்டிலேயே எடுத்து வைத்துவிட்டேன், பிரஷருக்கு ஆகாது.

என்ன சொல்வது என்று மொபெட்டில் போகும்போதே பேசிப் பார்த்தேன். "பாய், நான் சத்தம் போட்டதெல்லாம் மனசுல வெச்சுக்காதீங்க." சரியில்லை. "பாய், என்னை மன்னிச்சுக்கங்க." அதற்கு அவர், "எதுக்குங்கண்ணா?" என்று சிரிப்பார். அப்புறம் எனக்கு வார்த்தை இருக்காது. கடைசியில், போய் உட்கார்ந்தால் தானாக வரும் என்று விட்டுவிட்டேன்.

வாசலில் வண்டியை நிறுத்தினேன். உள்ளே டி.வி. சத்தமாக ஓடிக்கொண்டிருந்தது. கா.பா. சிரிக்கிற சத்தம். பஸ்ஸில் சிரிக்கிற சிரிப்பு இல்லை. வயிற்றிலிருந்து வருகிற சிரிப்பு. இதை நான் கேட்டதே இல்லை.

கதவைத் தட்டினேன். அவர் வீட்டம்மா பாதி திறந்தார். என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

"அண்ணா, தப்பா நெனைக்காதீங்க" என்றார் மெல்ல. "பதினஞ்சு நாளைக்கு உங்களை மட்டும் அவரு பாக்க வேண்டாமுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க."

உள்ளேயிருந்து கா.பா.: "யாரும்மா அது?"

அந்த அம்மா என் முகத்தைப் பார்த்தார். "பால்காரருங்க" என்று உள்ளே குரல் கொடுத்தார்.

பையை நீட்டினேன். வாங்கிக்கொண்டார். சரிங்கம்மா என்று உதட்டை மட்டும் அசைத்தேன். என் குரல் அவருக்குத் தெரியும். மொபெட் சத்தமும் தெரியும். அதனால் உதைத்துக் கிளப்பவில்லை, தெருமுனை தாண்டும் வரை தள்ளிக்கொண்டே போனேன்.